செம்மண் மேட்டில் இரண்டு நாள்: ஒரு சுற்றுலாச் சேவைக்குப் பாராட்டும் பிராதும்

புதுச்சேரியிலிருந்து நடத்தப்படும் இரண்டு நாள் கிராமியச் சுற்றுலா ஒன்றின் துண்டறிக்கையை என் அண்ணன் மகன் கொண்டுவந்து கொடுத்தபோது, அதன் முதல் வரியே என்னைச் சீண்டிவிட்டது. ‘கடலூர் மாவட்டத்தின் ஸ்டெப்பி நிலத்தைக் காண வாருங்கள்’ என்று அச்சிட்டிருந்தார்கள். முப்பத்தோராண்டு பள்ளியில் புவியியல் நடத்தி, ஸ்டெப்பி, பிரெய்ரி, பாம்பாஸ் என்று உலகத்துப் புல்வெளிகளின் பெயர்களைக் கரும்பலகையில் எழுதி எழுதிச் சாக்பீஸ் தேய்த்தவள் நான். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் ஸ்டெப்பி இருக்கிறதென்று எவரேனும் சொன்னால், அதைப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை. சென்ற பங்குனியில் போய் வந்தேன். சேவையை நடத்துபவர்களின் பெயரை இங்கே எழுதவில்லை. குறைகளை அவர்களிடமே தொலைபேசியில் சொல்லிவிட்டேன். இதே பாதையில் யாரோடு போனாலும் எதைக் கேட்டு வாங்க வேண்டும், எதற்குத் தனியாகக் காசு கொடுக்கத் தேவையில்லை என்பது படிப்பவர்களுக்குத் தெரிந்தால் போதும்.

தலைக்கு 4,200 ரூபாய். பன்னிரண்டு இருக்கை வேன், ஒரு வழிகாட்டி, விருத்தாசலத்தில் ஓர் இரவுத் தங்கல், ஐந்து வேளை உணவு ஆகியவை அதில் அடக்கம். எங்களோடு சேர்த்துப் பதினோரு பேர். பாதிப் பேர் புதுச்சேரிக்காரர்கள், மீதிப் பேர் சென்னையிலிருந்து முதல்நாள் இரவே வந்து தங்கியவர்கள்.

முதலில் அந்த ஸ்டெப்பி விவகாரத்தை முடித்துவிடுகிறேன். ஸ்டெப்பி என்பது உக்ரைனில் தொடங்கிக் கசகஸ்தான் வழியாக மங்கோலியா வரை நீளும் மரமற்ற புல்வெளி. அங்கே ஆண்டுக்குச் சுமார் 250 முதல் 500 மில்லிமீட்டர் வரைதான் மழை; பாலைவனம் ஆகாமல் புல்லைக் காப்பாற்ற அது போதும், காடு வளர்க்கப் போதாது. குளிர்காலத்தில் தரை உறைந்துவிடும். புல்லின் வேர்கள் நூற்றாண்டுகளாக மக்கிச் சேர்ந்து, செர்னோசெம் என்னும் கன்னங்கரிய மண்ணாகியிருக்கும். கோப்பன் என்ற ஜெர்மானிய அறிஞரின் காலநிலை வகைப்பாடு இந்தச் சொல்லை வெப்ப நாடுகளுக்கும் நீட்டியது. அவர் கணக்கு எளிது: ஓரிடத்தின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையை 20ஆல் பெருக்கி, மழை பெரும்பாலும் எந்தப் பருவத்தில் பெய்கிறது என்பதைப் பொறுத்து 0, 140, 280 ஆகிய எண்களில் ஒன்றைக் கூட்ட வேண்டும். அங்கே பெய்யும் மழை அந்த மில்லிமீட்டர் அளவுக்குக் கீழே இருந்தால் அது வறண்ட நிலம். அந்த அளவில் பாதியைக்கூட எட்டாவிட்டால் பாலைவனம், பாதியைத் தாண்டினால் ஸ்டெப்பி. நம் பக்கத்துச் சராசரி வெப்பநிலை 28 டிகிரி. நமக்குப் பொருந்துவது நடு எண்ணாகிய 140. ஆகவே எல்லைக்கோடு 700 மில்லிமீட்டர். கடலூர் மாவட்டத்திலோ ஆண்டுக்குச் சுமார் 1,200 மில்லிமீட்டர் பெய்கிறது. அதில் பாதிக்கும் மேல் ஐப்பசி, கார்த்திகையையொட்டிய வடகிழக்குப் பருவமழையில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. எந்தக் கணக்கில் போட்டாலும் இது ஸ்டெப்பி ஆகாது. வேன் கிளம்பிய அரை மணி நேரத்தில் இதை நான் சொன்னபோது, வழிகாட்டியாக வந்த தம்பி மறுத்துப் பேசவில்லை. “நோட்டீஸ் அடிச்சது ஆபீஸ்ல, டீச்சர். இது ஏன் காய்ஞ்ச மாதிரி தெரியுதுன்னு நான் ரெண்டு நாள்ல காட்டுறேன்” என்றார். அந்த ஒரு வாக்கியத்தை அவர் காப்பாற்றியதால்தான் இந்த மதிப்புரையில் பாராட்டும் இருக்கிறது.

பயணத்தின் முதல் குறை ஏறும் இடத்திலேயே ஆரம்பமாயிற்று. புதுச்சேரி பேருந்து நிலையத்தில் காலை 6.30க்கு வேன் புறப்படும் என்றதால், நானும் அண்ணன் மகனும் கடலூரில் ஐந்து மணிக்கே பேருந்து ஏறினோம். அவ்வளவு அவசரப்படுத்தி அழைத்துப்போனவர்கள், திருவக்கரைக் கல்மரப் பூங்கா திறப்பதற்கு முக்கால் மணி நேரம் முன்பே எங்களை அதன் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பூங்கா எப்போது திறக்கும் என்று ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டிருக்கலாம். அந்த நேரத்தில் வக்கிரகாளியம்மன் சந்நிதியைத் தரிசித்துவிட்டு வந்தோம். பௌர்ணமி நாளாக இருந்திருந்தால் அந்தக் கூட்டத்தில் அதுவும் நடந்திருக்காது.

திருவக்கரை விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தாலும், இந்தப் பயணத்தை அங்கே தொடங்கியது சரியான முடிவு. அங்கே பார்ப்பதுதான் பிறகு நெய்வேலியில் விளங்குகிறது. இந்திய நிலப் பொதியியல் ஆய்வுத் துறை 1940இல் அமைத்த 247 ஏக்கர் பூங்கா அது. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட மரங்கள் கல்லாகிச் செம்மண்ணில் படுத்துக் கிடக்கின்றன. சொன்னெரா என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் 1781இலேயே இவற்றைப் பற்றிக் குறிப்பிட்டிருக்கிறார். பெரும்பாலோர் இங்கே ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டு அரை மணியில் கிளம்பிவிடுவார்கள். எங்கள் வழிகாட்டி அப்படி விடவில்லை. ஒரு தடித்த அடிமரத்தின் பக்கத்தில் நிறுத்தி, இதில் கிளை எங்கே, வேர் எங்கே, பட்டை எங்கே என்று கேட்டார். எதுவும் இல்லை. இவை இங்கேயே வளர்ந்து விழுந்தவையல்ல. பழைய ஆறுகள் எங்கிருந்தோ புரட்டி அடித்துக்கொண்டு வந்து, வழியில் கிளையும் வேரும் ஒடிந்து, மணலில் புதைத்துவிட்டுப் போனவை. மணலுக்குள் ஊறிய நீரில் கரைந்திருந்த சிலிக்கா, மரத்தின் நுண்ணிய அறைகளில் ஒவ்வொன்றாகப் போய் உட்கார்ந்து மரத்தைக் கல்லாக்கிற்று. பார்த்தால் மரம், தட்டினால் கல். புதைத்த அந்த மணலும் பின்னாளில் இறுகி, இரும்பேறிச் சிவந்து, ‘கடலூர் மணற்கல்’ என்று நிலவியல் நூல்களில் நம் ஊர்ப் பெயராலேயே குறிக்கப்படும் பாறையாயிற்று. கடலூரில் பிறந்து வளர்ந்த எத்தனை பேருக்கு இது தெரியும் என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன். நானே பாடப்புத்தகத்துக்கு வெளியே இதை வகுப்பில் சொன்னதில்லை.

இந்த மணற்கல்தான் பயணம் முழுவதும் எங்கள் காலடியில் இருந்தது. பண்ருட்டியைத் தாண்டியதும் நிலம் மெல்ல ஏறுகிறது. ஏறுவதே தெரியாத ஏற்றம். கெடிலம் ஆற்றங்கரையின் வண்டல் வயல்கள் பின்னால் போய், சரளையும் செம்புறைக்கல்லும் கலந்த சிவந்த மேடு வருகிறது. பலா, முந்திரி, இடையிடையே மணிலா என்னும் நிலக்கடலைக் கொல்லை, சவுக்கு. ஏரிகள் குறைவு. ஓடைகள் இருக்கின்றன, நீர் இல்லை. துண்டறிக்கை எழுதியவர் எதைப் பார்த்து ஏமாந்தார் என்பது இங்கே புரிகிறது. மழை குறைவானதால் வந்த வறட்சியல்ல இது. பெய்த மழையை மேலே நிற்கவிடாமல் மண் குடித்துவிடுவதால் வந்த தோற்றம். ஸ்டெப்பியின் கறுப்பு மண் ஈரத்தையும் சத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். இந்தச் செம்மணல் இரண்டையும் கைநழுவ விட்டுவிடும். ஆழமாக வேர் விடுகிற முந்திரியும் பலாவும் இங்கே பிழைத்ததற்கும், நெல் கீழேயே நின்றுவிட்டதற்கும் காரணம் இதுதான்.

முந்திரி நம் மண்ணில் பிறந்ததல்ல. பிரேசிலிலிருந்து போர்த்துகீசியர் வழியாக வந்தது. பங்குனியில் பழம் சிவந்து தொங்கும் நேரம் என்பதால், ஒரு தோப்பில் இறங்கி உப்புத் தூவித் தின்ன விட்டார்கள். கட்டணத்தில் சேராத இந்தச் சின்ன நிறுத்தம் பயணத்தின் நல்ல பகுதிகளில் ஒன்று. தோப்புக்காரர் பழைய மரங்களுக்கும் ஒட்டுக்கட்டிய இளமரங்களுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டினார். 2011 டிசம்பர் 30ஆம் தேதி அதிகாலையில் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையேறிய தானே புயலில் அவருடைய பழைய தோப்பில் நான்கு மரங்கள்தான் மிஞ்சினவாம். மற்றவை விருத்தாசலம் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் வி.ஆர்.ஐ. 3 இரகத்து ஒட்டுக்கன்றுகள். முந்திரியும் பலாவும் ஆண்டுக்கணக்கில் வளர்த்துப் பலன் காண்கிற மரங்கள் என்பதால், அந்த ஒரு விடியற்காலை இந்த மேட்டு நிலத்துக் குடும்பங்களின் ஒரு தலைமுறைச் சேமிப்பை வேரோடு சாய்த்துவிட்டது. நெல் மூழ்கினால் அடுத்த பட்டம் உண்டு. பலா சாய்ந்தால் பேரன்தான் காய் பறிப்பான் என்று அவர் சொன்னதை என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

வடலூருக்கு நண்பகலில் போய்ச் சேர்ந்தோம். வள்ளலார் 1867 மே 23ஆம் தேதி தருமசாலையைத் தொடங்கி மூட்டிய அடுப்பு அணையாமல் எரிந்துவருவதும், சத்திய ஞான சபை எண்கோண வடிவில் 1872 ஜனவரியில் எழுந்ததும், பார்வதிபுரம் மக்கள் அதற்கு 80 காணி நிலம் கொடுத்ததும், தைப்பூசத்தன்று ஏழு திரை விலகிச் சோதி தரிசனம் காட்டப்படுவதும் நம் பக்கத்தில் எல்லோரும் அறிந்தவை. ஆகவே அதைப் பற்றி அதிகம் எழுதவில்லை. ஆனால் ஒரு பிராது உண்டு. தருமசாலையில் வருவோர் எல்லோருக்கும் அன்னம் இலவசம். அங்கே நாங்கள் உட்கார்ந்து உண்ட சோற்றையும் சாம்பாரையும் இந்தச் சேவைக்காரர்கள் ‘ஐந்து வேளை உணவு’ என்ற கணக்கில் ஒரு வேளையாகச் சேர்த்திருந்தார்கள். பசித்தவர் யாராயினும் வந்து உண்ணட்டும் என்று ஒருவர் ஏற்படுத்திவைத்த பந்தியைத் தங்கள் விலைப்பட்டியலில் எழுதுவது அழகல்ல. நான்கு வேளை என்று எழுதிவிட்டு, ஐந்தாவது வேளை வள்ளலார் இட்டது என்று சொல்லியிருந்தால் மனம் குளிர்ந்திருக்கும்.

நெய்வேலிதான் நான் மிகவும் எதிர்பார்த்த இடம். ஏமாற்றமும் நிறைவும் கலந்து கிடைத்த இடமும் அதுவே. துண்டறிக்கையில் ‘சுரங்கப் பார்வை’ என்று இருந்தது. சுரங்கத்துக்குள் போக முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். அதை இவர்கள் வாங்கியிருக்கவில்லை. ஆகவே நாங்கள் பார்த்தது சாலையோரத்திலிருந்து தெரிந்த மண்மேடுகளை மட்டும். பழுப்பு நிலக்கரியின்மேல் கிடந்த மண்ணை வெட்டி எடுத்துக் கொட்டிய மேடுகள் அவை. மரம் வளர்ந்து குன்றுபோல நிற்கின்றன. மலை என்று ஒன்றையும் காணாத இந்தச் சமவெளியில் கண்ணுக்குத் தட்டுப்படும் பெரிய குன்று மனிதன் கொட்டியது என்பது விநோதம்தான். அனுமதி கிடைக்காவிட்டால் துண்டறிக்கையில் அந்தச் சொல்லை எடுத்துவிட வேண்டும். வைத்தால் அனுமதி வாங்க வேண்டும்.

நிறைவு என்றது வழிகாட்டியின் விளக்கத்தை. வேனை ஒரு புளியமர நிழலில் நிறுத்தி, வாழையிலையை வெட்டி அடுக்கி, நடுவே ஈரத் துணியை வைத்து அவர் காட்டியதைப் பள்ளியில் நான் செய்திருந்தால் பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு வெட்டியபோது நீரோடு கருப்பாக ஏதோ வெளிவந்ததிலிருந்து தொடங்குகிறது நெய்வேலியின் கதை. 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் அமைந்தது; 1957இல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். கரி இருப்பது தெரிந்தும் அதை எடுப்பது எளிதாக இருக்கவில்லை. காரணம் நீர். மேட்டு நிலத்தில் பெய்யும் மழை மணற்கல்லுக்குள் இறங்கி, களிமண் அடுக்குகளுக்குக் கீழே சரிந்து போய், நிலக்கரிப் படுகைக்கு அடியில் தேங்கி நிற்கிறது. மேலே கனத்த மூடி, பின்னால் உயரத்திலிருந்து தள்ளும் நீர். ஆர்ட்டீசியன் ஊற்று என்று நாங்கள் படம் வரைந்து பாடம் நடத்துவது இதைத்தான். குழாய் இறக்கினால் மோட்டார் இல்லாமலே தண்ணீர் பொங்கிய நிலம் அது. மேலே உள்ள மண்ணை வெட்டி எடுத்துவிட்டால் அழுத்திப் பிடிக்கும் கனம் போய்விடும். அடியிலிருந்து நீர் தரையைப் பிளந்துகொண்டு வரும். ஆகவே சுரங்கத்தைச் சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் அமைத்து, இரவு பகலாக நீரை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் கரியில் கை வைக்க முடியும். அப்படி வெளியேறும் நீர் வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போய்க் கீழ்ப்பக்கத்து வயல்களில் பாய்கிறது.

“திருவக்கரையில மரம் கல்லாச்சு, இங்க செடிகொடி கரியாச்சு. ரெண்டையும் மூடி வச்சது மண்ணு, டீச்சர்” என்றார் தம்பி. மணலில் புதைந்து சிலிக்கா ஏறிய மரம் அங்கே. காற்றுப் புகாத சதுப்பில் புதைந்து அழுத்தம் ஏறிய தாவரம் இங்கே. காலையில் பார்த்ததும் மதியம் பார்த்ததும் ஒன்றோடொன்று இணைந்த இடம் அதுதான். இந்தக் கரிக்காக நிலத்தைக் கொடுத்துவிட்டு வேறிடம் போன ஊர்களைப் பற்றியும் அவர் பேசினார். அவருடைய தாய்வழித் தாத்தாவின் ஊர் அவற்றில் ஒன்று. சுற்றுலா வழிகாட்டிகள் பொதுவாகத் தொடாத பேச்சு அது. இந்த மண் எவ்வளவு குடித்தாலும் அதற்கும் ஓர் அளவு உண்டு என்பதற்கு அவர் சொன்ன எடுத்துக்காட்டு 2015 நவம்பர்: அன்று நெய்வேலியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியபோது, வழக்கமாகக் காய்ந்து கிடக்கும் ஓடைகள் மேட்டிலிருந்து வெள்ளத்தைத் தள்ளிக்கொண்டு கீழூர்களுக்குள் புகுந்தன.

இரவு விருத்தாசலத்தில் தங்கினோம். விடுதி சுத்தம், வெந்நீர் வந்தது, கொசு அதிகம். வெப்பத்தைப் பற்றி மட்டும் எச்சரிக்க வேண்டும். கடலூரில் பகல் ஏறும்போதே கடற்காற்று வந்து வீட்டைத் தணித்துவிடும். அறுபது கிலோமீட்டர் உள்ளே இருக்கும் விருத்தாசலத்தில் பொழுது சாய்ந்த பிறகுதான் அதன் சாயல் தெரிகிறது, சில நாட்களில் அதுவும் இல்லை. பங்குனியிலேயே இப்படியென்றால் அக்கினி நட்சத்திரத்தில் வயதானவர்களை அழைத்துப்போவது நல்லதல்ல. துண்டறிக்கையில் இதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

மறுநாள் காலை விருத்தகிரீசுவரர் கோயிலுக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள், போதவில்லை. சோழ அரசி செம்பியன் மாதேவியின் திருப்பணி கண்ட கோயில். ஐந்து கோபுரம், ஐந்து கொடிமரம் என்று எதையும் ஐந்தைந்தாக எண்ணிக் காட்டுவது ஊரார் வழக்கம். 28 ஆகமங்களுக்கு 28 லிங்கங்கள். படியிறங்கிப் போய் ஆழத்துப் பிள்ளையாரைக் கும்பிடும்போது, மேட்டு நிலத்தில் எல்லாமே கீழேதான் இருக்கிறது என்று அண்ணன் மகன் சிரித்தான். கோயிலை ஒட்டிய மணிமுத்தாறு பங்குனியில் வெறும் மணல். கல்வராயன் மலையில் பிறந்து, கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு கலக்கும் இந்த ஆறு, மழைக்காலம் போக மற்ற மாதங்களில் மணலுக்கு அடியில்தான் ஓடுகிறது. சுந்தரர் முதுகுன்றம் என்ற இதே ஊரில் பெற்ற பொன்னை இந்த ஆற்றில் இட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்த கதையை எல்லோரும் பக்தியோடு கேட்பார்கள். எனக்கு அன்று அது நீரியல் பாடமாகவே பட்டது. ஓரிடத்தில் மணலில் போட்டது, கண்ணுக்குத் தெரியாமல் போய், வேறோரிடத்தில் முழுதாகக் கிடைக்கிறது. விருத்தாசலத்து மேட்டில் பெய்த மழை நெய்வேலியில் பொங்குவதை முதல்நாள்தான் கேட்டிருந்தேன். தெய்வக் குற்றமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் ஒரு மணி நேரம் நின்றோம். கேட்கத் தகுந்த வழக்கம் ஒன்று அங்கே உண்டு. குறை உள்ளவர்கள் அதை ஒரு தாளில் பிராதாக எழுதி, முருகனிடம் வைத்து வணங்கி, முனியப்பர் சந்நிதி வேலில் கட்டிவிடுகிறார்கள்; குறை தீர்ந்ததும் மறுபடி வந்து அந்தப் பிராதை முறைப்படி திரும்பப் பெற வேண்டும். தமிழகத்தில் மதிப்புரை எழுதும் பழக்கத்துக்கு இதைவிட மூத்த வடிவத்தை நான் கண்டதில்லை. தருமசாலைச் சோற்றுக் கணக்கை எழுதிக் கட்டலாமா என்று ஒரு கணம் நினைத்தேன்; கொளஞ்சியப்பருக்கு அதைவிடப் பெரிய வழக்குகள் காத்திருந்தன.

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறையில் இருபது நிமிடந்தான் தந்தார்கள். களிமண்ணை அரைத்து நீர்க்கூழாக்கி அச்சில் வார்ப்பதையும், அகல்விளக்கும் பொம்மையும் சூளைக்குப் போவதையும் விரைவாகப் பார்த்தோம். பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே அரசு கல்வி நிறுவனம் இருக்கிற ஊர் இது. இதற்கு இன்னும் கொஞ்சம் நேரம் ஒதுக்கியிருக்கலாம்.

அங்கிருந்து மேற்கே திட்டக்குடி நோக்கிப் போகப் போக மண்ணின் நிறம் மாறிற்று. சிவப்பு வெளுத்து, பழுப்பேறி, ஒரு கட்டத்தில் கரிசலாயிற்று. விருத்தாசலம் வட்டாரத்தில் டைனோசர் காலத்துக் கடலின் படிவுகளும் உண்டு. அரியலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே அந்தப் பழைய கடல் விட்டுச்சென்ற துண்டுகளில் ஒன்று இங்கே இருக்கிறது. மக்காச்சோளமும் பருத்தியும் அறுவடையாகி வயல்கள் மழித்த தலையாகக் கிடந்தன. தொலைவில் செம்மறி ஆட்டுக் கிடை போட்டிருந்தார்கள். இரவில் ஆடுகள் அடைந்த வயலில் புழுக்கையும் மூத்திரமும் உரமாகும். ஆட்டுக்காரருக்கு நிலக்காரர் கூலி கொடுப்பார். கறுத்த மண், எட்டிய வரை மரமில்லாத வெளி, மேயும் மந்தை. இந்த ஒரு கால் மணி நேரத்துக்கு மட்டும், துண்டறிக்கையை எழுதியவர்மேல் எனக்கு இருந்த கோபம் தணிந்தது. பார்வைக்கு ஸ்டெப்பியை ஒத்த இடம் என்றால் அது இதுதான். ஆனால் அவர்கள் அந்தப் பெயரைச் சூட்டியது முந்திரிக் காட்டுக்கு.

கீழச்செருவாயில் வெலிங்டன் நீர்த்தேக்கத்தின் கரையில் இறங்கினோம். 1913இல் தொடங்கி 1923இல் கட்டிமுடித்த ஏரி அது; தொழுதூர் அணைக்கட்டில் வெள்ளாற்றை மறித்துக் கால்வாய் வழியாக நிரப்புகிறார்கள். வறண்ட மேற்குக்கு ஆற்றைத் திருப்பிக் கொடுத்த ஏற்பாடு. பங்குனியில் பாதிக்கும் குறைவாகவே நீர். கரையில் நடக்க நிழல் இல்லை, ஆனால் காற்று இருந்தது.

பகலுணவு பக்கத்து ஊரில் ஒரு விவசாயி வீட்டில். இந்தப் பயணத்தின் ஆகச் சிறந்த பகுதி எது என்று கேட்டால் யோசிக்காமல் இதைச் சொல்வேன். கம்பஞ்சோறு, பலாக்காய்க் கூட்டு, தோல் உரித்த பச்சை முந்திரிப் பருப்புப் போட்ட குழம்பு, கருவாட்டுத் தொக்கு, மோர், மோர்மிளகாய். பச்சை முந்திரியை உரிக்கும்போது அதன் பால் பட்டால் கை வெந்துவிடும். அந்த வீட்டு அம்மாவின் விரல் நுனிகள் கறுத்திருந்ததைக் காட்டி, “இது போகாதுங்க, சித்திரையோட சேர்த்துதான் உரியும்” என்றார். பரிமாறியவர்களையும் எங்களோடு உட்காரச் சொன்னோம். கடைசிப் பந்தியில்தான் உட்கார்ந்தார்கள். இந்த வீட்டுக்கு எவ்வளவு தருகிறார்கள் என்று வழிகாட்டியிடம் கேட்டேன். இலைக்கு 180 ரூபாய். குறைவு என்று எனக்குப் பட்டது. தொலைபேசியில் அதையும் சொன்னேன்.

திரும்பும் வழியில்தான் என் பொறுமை போயிற்று. பண்ருட்டி முந்திரி என்று பலகை போட்ட ஒரு சாலையோரக் கடையில் வேன் ஐம்பது நிமிடம் நின்றது. கோயிலுக்கு ஒன்றரை மணி, பீங்கானுக்கு இருபது நிமிடம், கடைக்கு ஐம்பது நிமிடம். முழுப் பருப்பு கிலோவுக்குப் பண்ருட்டிச் சந்தை விலையைவிட நூறு ரூபாய் கூடுதல், உடைசலுக்கும் அப்படியே. கடைக்காரருக்கும் சேவைக்காரர்களுக்கும் என்ன ஏற்பாடு என்று நான் கேட்கவில்லை. அந்த நேரத்தை முதல்நாள் காலையில் கொண்டுபோய் வைத்திருந்தால், புதுச்சேரிக்கு வடக்கே கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டைப் பார்த்திருக்கலாம். காயாவும் வீரையும் பாலை மரமும் அடர்ந்த அந்தக் காடு, இந்தக் கடலோர மாவட்டங்களில் மனிதன் கோடரி எடுக்கும் முன்பு நிலம் எப்படி இருந்தது என்பதற்கு எஞ்சிய சாட்சி. மழையில் பெரும்பகுதி ஆண்டின் மூன்று மாதத்திலேயே பெய்தாலும் இலை உதிர்க்காமல் தாக்குப்பிடிக்கும் வறண்ட பசுமைமாறாக் காடு என்பது இந்தியாவில் சோழமண்டலக் கரைக்கே உரியது. ஸ்டெப்பி என்ற சொல்லுக்கு அந்தக் காடு ஒன்றே மறுப்பாகப் போதும்.

வேறு சில செய்திகள். வேனின் குளிர்சாதனம் பின் இருக்கைக்கு எட்டவில்லை. பெண்களுக்குக் கழிப்பறை வசதியுள்ள நிறுத்தங்கள் இரண்டு நாளில் ஐந்து. திட்டக்குடிப் பக்கம் ஒன்றுகூட இல்லாமல் விவசாயி வீட்டையே நம்ப வேண்டியிருந்தது. ஓட்டுநர் நிதானமானவர், கைபேசியைத் தொடவேயில்லை. முழங்கால் வலி உள்ளவர்கள் ஆழத்துப் பிள்ளையாரிடம் இறங்காமல் மேலிருந்தே கும்பிடலாம். முந்திரி பூப்பதைப் பார்க்கத் தை, பழம் தின்னப் பங்குனி, மணிமுத்தாற்றில் நீர் காண ஐப்பசிக்குப் பின். பிள்ளைகளோடு போகிறவர்கள் திருவக்கரையையும் நெய்வேலியையும் எக்காரணத்தாலும் விட வேண்டாம். மற்றவற்றை நெருக்கினாலும் பாதகமில்லை.

4,200 ரூபாய்க்கு இது தகுமா என்றால், அந்த வழிகாட்டி வந்தால் தகும். அவர் பெயரைக் கேட்டுப் பதிவு செய்ய வழி இருக்கிறதா என்று சேவையை நடத்துபவரிடம் விசாரித்தேன். இருக்கிறது, நாள் மட்டும் அவர் வசதிப்படி என்றார். ஸ்டெப்பி என்ற சொல்லை என்ன செய்யப்போகிறீர்கள் என்றும் கேட்டேன். அச்சடித்த நோட்டீஸ் இன்னும் எண்ணூறு மிச்சம் இருக்கிறதாம், அது தீர்ந்ததும் மாற்றிவிடுவார்களாம். கார்த்திகையில் மணிமுத்தாறு ஓடும்போது மறுபடி போக இரண்டு இருக்கைக்கு முன்பணம் கட்டியிருக்கிறேன். ஏறும் இடம் கடலூர் பேருந்து நிலையம் என்று ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொண்டேன்.